கூரையைப் பார்க்கும் முன் கிராண்டைப் பாருங்கள்!



அண்மையில் கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேலை ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். பிள்ளைகள், மருந்து மாத்திரை, விலைவாசி என்று பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் ஓரிடத்தில் வந்து நின்றது. "ரவாங் பக்கம் ரெண்டு ஏக்கர் நெலம். அதுல பழைய பலகை வீடு ஒண்ணு. வாங்கிச் சரிபண்ணிக்கிட்டு அங்கேயே போயிடலாம்னு இருக்கேன்" என்றார். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அப்படியே எனக்கும் ஒண்ணு பாருங்க" என்றார்.

இந்தப் பேச்சைக் கொஞ்ச வருடங்களாக நான் அடிக்கடி கேட்கிறேன். ரவாங், செரண்டா, பத்தாங் காலி, கோலக் குபு பாரு... எல்லாம் கோலாலம்பூரிலிருந்து காரில் எட்டிவிடும் தூரம்தான். 1995இல் ரவாங்குக்குக் கொமுட்டர் ரயில் வந்தது. 2017இல் ரவாங் புறவழிச் சாலை திறந்தது. தூரமாக இருந்த ஊர் கிட்டே வந்துவிட்டது. தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் பிழைத்த நம்மவர்களுக்குக் கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது; காலில் மண் ஒட்ட வேண்டும் என்கிற ஆசையும் இருக்கிறது.

இந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அதே ஆசைதான். நானும் என் தங்கை குடும்பமும் சேர்ந்து அப்படியொரு இடம் பார்த்தோம், முன்பணமும் கொடுத்தோம். என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் வீடு

இத்தாலியில் ஆளில்லாத கிராமங்களில் பழைய வீட்டை ஒரு யூரோவுக்குக் கொடுக்கிறார்கள், இத்தனை வருடத்துக்குள் பழுது பார்த்துவிட வேண்டும் என்பது நிபந்தனை என்று செய்தி வருகிறது. வசதியுள்ளவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. நமக்கு அப்படி இல்லை. நம் வீட்டுக் கிழவிகளிடம் கேட்டுப் பாருங்கள், பழைய வீட்டைப் பழுது பார்ப்பது அவர்களுக்குப் புதிதா என்று.

ரவாங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கேதான் என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டினார். லயத்தில் கோடி வீடு. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொந்தச் செலவில் சுண்ணாம்பு அடித்தார். கூரைத் தகரம் ஒழுகியபோது நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் கூட்டுப்பணம் எடுத்துத் தானே தகரம் வாங்கிப் போட்டார். பின்னால் அடுக்களையை இழுத்துக் கட்டினார். முன்னால் முருங்கை, பக்கத்தில் மா, வேலியோரம் கறிவேப்பிலை. அந்த வீட்டை அம்மா எத்தனை முறை பழுது பார்த்திருப்பார்!

பிறகு தோட்டம் கைமாறியது. வேலை இல்லை, ஆகவே வீடும் இல்லை என்றார்கள். தோட்டத்து வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை போனால் வீடும் போகும். ஒரு லாரியில் எங்கள் சாமான்கள் ஏறின. அம்மா வாங்கிப் போட்ட தகரம் அங்கேயே இருந்தது. முருங்கை மரமும் அங்கேயே நின்றது. அந்த வீடு எங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் எங்களிடம் இல்லை.

இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டுமா? இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான், இல்லையா?

சட்டம் எதைப் பார்க்கிறது?

நம்மவர்கள் இன்னமும் சொல்வார்கள்: "அம்பது வருசமா இருக்கோம், எங்களை யாரு எழுப்ப முடியும்?" எழுப்ப முடியும். இந்த நாட்டின் நிலச் சட்டம் எத்தனை வருடம் இருந்தாய் என்று கேட்பதில்லை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் கேட்கிறது.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம்தான் தீபகற்ப மலேசியாவுக்கான அடிப்படைச் சட்டம். அதன் 340ஆவது பிரிவு, பதிவு பெற்ற உரிமையாளரின் பட்டாவுக்கு வலுவான பாதுகாப்புத் தருகிறது. மோசடி, பொய்க் கையெழுத்து போன்ற சில காரணங்கள் இருந்தால்தான் அதை அசைக்க முடியும். 341ஆவது பிரிவு, இன்னொருவர் பெயரில் உள்ள நிலத்தில் நீங்கள் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமையாளர் அதைத் திரும்பக் கேட்பதற்கு அது தடையாகாது என்கிறது. அரசு நிலத்துக்கும் 48ஆவது பிரிவு அதையே சொல்கிறது. அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாய உரிமையும் இல்லை என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றமும் ஒரு பேராக் வழக்கில் சொல்லிவிட்டது.

இதன் விளைவைக் கண்ணால் பார்த்தோம். பினாங்கு கெலுகோரில் கம்போங் புவா பாலா. மாடு வளர்த்துப் பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர் கிராமம். நிலம் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. 2009இல் வழக்கும் கைகொடுக்கவில்லை. அந்த வருடமே கிராமம் இடிக்கப்பட்டது.

ரவாங்குக்கு வடக்கே இன்னொரு கதை. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டங்கள். வேலை போன பிறகு அந்தத் தொழிலாளர்கள் வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு போராடினார்கள். 2023இல்தான் 245 குடும்பங்களுக்குப் புக்கிட் தாகாரில் வீடு கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை பெரியவர்கள் கண்ணை மூடிவிட்டார்கள்!

நம் கோயில்களுக்கும் இதே நிலைமைதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஆலயமானாலும் நிலம் யார் பெயரில் என்ற கேள்வி வந்து நிற்கிறது. 2025இல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரத்தில் நாடே அதைப் பார்த்தது.

இது நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனுக்கு அந்த மண்ணில் ஒரு மனைகூட இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? அந்த நியாயத்துக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். ஆனால் இன்று நம் சொந்தக் காசில் நிலம் வாங்கப் போகும்போது அந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு வேதனை.

பத்து வெள்ளிச் சந்தா

நிலம் வாங்குவது நம் சமூகத்துக்குப் புதிய காரியம் அல்ல. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி அறிஞர் உங்கு அசிஸ் தனி ஆய்வே எழுதினார். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன காலம் அது.

அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். "மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்பதுதான் அவர் பேச்சின் சாரம். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு வருடமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால்மரம் வெட்டும் கூலிகள் சேர்ந்து ஒரு தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியமா?

அதிலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்க வேண்டாம். நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது. உறுப்பினர் கையில் இருந்தது பங்குதான், வீட்டுமனைப் பட்டா அல்ல. ஆனாலும் அந்தச் சங்கம் ஒன்றைச் சரியாகச் செய்தது. வாங்கிய நிலத்தை முறையாகப் பதிவு செய்தது. அதனால்தான் அறுபது வருடம் தாண்டியும் அந்தத் தோட்டங்களை நம்முடையவை என்று சொல்ல முடிகிறது. இன்று ரவாங் பக்கம் ஏக்கர் கணக்கில் தேடி அலையும் நம்மவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா?

நாங்கள் பார்த்த வீடு

இப்போது எங்கள் கதை. செரண்டா போகும் வழியில் ஓர் இடம். இரண்டு ஏக்கர். ரம்புத்தான், டுரியான், கொஞ்சம் வாழை. நடுவில் செங்கல் தூண்கள்மேல் நிற்கிற பழைய பலகை வீடு. முன்னால் ஐந்து படிக்கட்டு. பின்பக்கம் ஒரு சின்ன ஆறு. தங்கை பார்த்தவுடன், "அண்ணே, இதுதான்" என்றாள். மச்சான் கூரையைத் தட்டிப் பார்த்தார், தூணை உதைத்துப் பார்த்தார். நான் அடுக்களையில் நின்றுகொண்டு எங்கே முருங்கை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தரகர் நல்ல பேச்சுக்காரர். அன்றைக்கே இரண்டாயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கைப்பேசியில் படம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. படத்தை உற்றுப் பார்த்தார். கூரை நல்லதா, தண்ணீர் வருமா என்றெல்லாம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்ப்பா, கிராண்டு யாரு பேர்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள்தான் நில அலுவலகத்தில் தேடல் எடுத்தேன். மலாயில் 'சாரியான்' என்பார்கள். கட்டணம் கொஞ்சம்தான். காகிதம் கைக்கு வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

பட்டா மூன்று உடன்பிறப்புகள் பெயரில் இருந்தது. அவர்களில் ஒருவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது என்று விசாரித்தபோது தெரிந்தது. வாரிசுகள் பெயருக்கு இன்னும் மாற்றவில்லை. நிலத்தின்மேல் வேறொருவர் போட்ட கேவியட் இருந்தது. அதே இரண்டு ஏக்கரை எட்டுப் பேருக்குப் பிரித்து விற்கத்தான் தரகர் திட்டம் போட்டிருந்தார். நாங்கள் அந்த எட்டில் ஒரு பங்கு! இதற்கும் மேலே ஒன்று. தெரிந்த நில அளவையாளர் ஒருவர் வந்து எல்லைக்கல்லைத் தேடிப் பார்த்தார். அந்த அழகான பலகை வீட்டில் பாதி அந்த நிலத்திலேயே இல்லை. ஆற்றோரத்து அரசு நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் முருங்கைக்கு இடம் பார்த்த அடுக்களையும் அங்கேதான்.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஆயிரம் வெள்ளி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அம்மா கேட்ட கேள்வியை நான் கேட்காமல் போனேனே என்பதுதான் வருத்தம்.

எந்தெந்தக் குழிகளில் விழுகிறோம்?

எனக்குத் தெரிந்த மட்டும் நம்மவர்கள் அடிக்கடி விழுகிற குழிகளைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. நிலம் வாங்குகிறவர் தரகரின் வழக்கறிஞரை நம்பாமல் சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கூட்டுப் பட்டா. விவசாய நிலத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. இரண்டு ஏக்கரை எட்டாகப் பிரித்தால் ஆளுக்குக் கால் ஏக்கர். அதற்குத் தனிப்பட்டா எப்படிக் கிடைக்கும்? பட்டாவில் எட்டில் ஒரு பங்கு என்று பெயர் ஏறலாம். ஆனால் எந்தக் கால் ஏக்கர் உங்களுடையது என்று பட்டா சொல்லாது. வேலி போட்டுக்கொள்ளலாம், அந்த வேலி உங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுதான். ஒரு பங்காளி இறந்தாலோ கடனில் மாட்டினாலோ மற்ற ஏழு பேரும் சேர்ந்து அலைய வேண்டும். பெயரே ஏறாமல் வெறும் ஒப்பந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் லயத்தில் இருந்த நம் அப்பனுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது, டி.ஓ.எல். என்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமம். "வருசா வருசம் பணம் கட்டுறோம், நம்ம நெலந்தான்" என்பார்கள். அந்த உரிமம் அந்தந்த வருடக் கடைசியோடு முடிகிறது. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதோடு சரி. டி.ஓ.எல். நிலத்தை ஒருவர் உங்களுக்கு விற்கிறார் என்றால் அவரிடம் விற்பதற்கு ஒன்றுமே இல்லை என்று பொருள்.

மூன்றாவது, மலாய் ஒதுக்கீட்டு நிலம். சிலாங்கூரில் பல முக்கிம்களில் உண்டு. மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அதை மாற்ற முடியாது. "பவர் ஆப் அட்டர்னி போட்டுக்கலாம், நண்பர் பேர்ல வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஏற்பாடு சட்டத்தின் முன் செல்லாது. கொடுத்த பணத்துக்கும் வழி இருக்காது.

நான்காவது, பட்டாவில் உள்ள எழுத்துகளைப் படிக்காமல் விடுவது. ஜி.எம். என்றால் கெரான் முக்கிம், நிரந்தர உரிமை. பி.எம். என்றால் பஜாக்கான் முக்கிம், குத்தகை. எத்தனை வருடம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்றால் இறுதி அளவை முடியாத தற்காலிகப் பட்டா. அதற்குக் கீழே 'ஷாராட் ஞாத்தா' என்று நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனையும், 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்று உரிமை மாற்றத்துக்கான கட்டுப்பாடும் இருக்கும். மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் அந்த அனுமதி வரும்வரை நிலம் உங்களுடையது அல்ல. இந்த இரண்டு வரிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்தாவது, நில வரி. சிலாங்கூரில் மே 31க்குள் கட்ட வேண்டும். முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்டு, அரசாங்க நோட்டீசுக்கும் பதில் இல்லை என்றால் நிலமே பறிமுதல் ஆகலாம். கடைசி ரசீதைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு வீடு

இவை எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகக் கூரைக்குப் போகலாம். விவசாய நிலத்தில் உரிமையாளர் தான் குடியிருக்க ஒரு வீடு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட முடியாது. ரவாங் கோம்பாக் மாவட்டத்தில், செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் இருக்கிறது. செரண்டா, பத்தாங் காலி எல்லாம் உலு சிலாங்கூர். எந்த நகராண்மைக் கழகமோ அங்கே கட்டட வரைபடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அதைக் கேட்கிறது.

பழைய பலகை வீட்டில் முதலில் பலகை என்ன மரம் என்று பாருங்கள். செங்கால் மரமாக இருந்தால் கரையான் லேசில் தொடாது. மெராந்தி என்றால் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே கூடாக இருக்கலாம். தூணுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்துச் சிமெண்டு பூசாதீர்கள். அந்தக் காலத்து ஆசாரி காற்றுப் போகவும் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியவும்தான் அப்படி உயர்த்தி வைத்தான். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். அதை நீங்களே ஏறி உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். தெரிந்த ஆளை வைத்து நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

அடுத்தது மண். ரவாங் வட்டாரம் ஈயம் தோண்டிய பூமி. பழைய ஈயக் குட்டையை மூடிய மண் இளகும். பத்து ஆராங்கில் பூமிக்கடியில் நிலக்கரிச் சுரங்கம் ஓடியது, 1960இல்தான் மூடினார்கள். மலைச்சரிவு என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் பத்தாங் காலியில் ஒரு பண்ணையில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள்மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். விவசாயத்துக்கு அனுமதி இருந்த இடம் அது, முகாமுக்கு இல்லை. "வீட்டைச் சரிபண்ணி வார இறுதியில வாடகைக்கு விடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்த நாளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். விவசாய நிலத்துக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. பெயர் மாற்ற முத்திரைத் தீர்வை இருக்கிறது: முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்து ஐந்து லட்சம் வரை 2 விழுக்காடு, அதற்குமேல் பத்து லட்சம் வரை 3. வழக்கறிஞர் கட்டணம் தனி. சாலை, மின்சாரம், தண்ணீர்க் குழாய் நிலம் வரைக்கும் வருகிறதா? வரும் பாதை இன்னொருவர் நிலம் வழியாக என்றால் அந்த வழியுரிமை பட்டாவில் பதிவாகி இருக்கிறதா? ஓய்வூதியச் சேமிப்பை மொத்தமாக எடுத்துக் கூரைமேல் போட்டுவிட்டு, மருந்துக்குப் பிள்ளைகளிடம் கை நீட்டும் நிலை வேண்டாம்.

இன்னொருவர் மண்

இன்னும் ஒன்று. இது பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். செரண்டா, பத்தாங் காலி, கோலக் குபு பாரு பக்கங்களில் ஓராங் அஸ்லி கிராமங்கள் இருக்கின்றன. நமக்கும் முன்னால், எல்லோருக்கும் முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்கள். அவர்களில் பலரிடமும் பட்டா இல்லை. டெங்கில் புக்கிட் தம்போயைச் சேர்ந்த தெமுவான் மக்களின் நிலத்தை நெடுஞ்சாலைக்காக எடுத்தபோது சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய மரபு நில உரிமையை 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. பட்டா இல்லாதவனுக்கும் உரிமை உண்டு என்று இந்த நாட்டு நீதிமன்றமே சொன்ன வழக்கு அது!

ஆகவே மலிவாக ஓர் இடம் வருகிறது என்றால், அங்கே யாருடைய பழமரங்கள் நிற்கின்றன, யாருடைய கல்லறை இருக்கிறது என்றும் விசாரியுங்கள். நம்மை லயத்திலிருந்து லாரியில் ஏற்றியபோது எப்படி இருந்ததோ அது இன்னொருவருக்கு நம் கையால் நடக்கக் கூடாது. உரிமை கேட்கிற சமூகத்துக்கு இந்தக் கண்ணியம் வேண்டும்.

என்ன செய்யலாம்?

வாங்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. வாங்குங்கள். கட்டாயம் வாங்குங்கள். மூன்று தலைமுறை இந்த மண்ணில் உழைத்தும் நிலமில்லாதவர்களாக இருந்துவிட்டோம். நான்காவது தலைமுறையாவது தன் பெயரில் பதிவான மண்ணில் நிற்கட்டும். கடற்கரை பங்களா வாங்குகிற ஆசையாக இதை யாரும் நினைக்க வேண்டாம்.

தனியாக முடியாவிட்டால் சேர்ந்து வாங்குங்கள். ஆனால் தரகர் சேர்த்துவிட்ட முகம் தெரியாத எட்டுப் பேரோடு வேண்டாம். உங்கள் அண்ணன் தம்பி, பழைய தோட்டத்து நண்பர்கள், தெரிந்தவர்களோடு சேருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப்பட்டா வரும் அளவுக்கு நிலம் பாருங்கள். நான்கு குடும்பம் என்றால் ஐந்து, ஆறு ஏக்கர் வேண்டும். பாதைக்கும் இடம் போகும். அல்லது முறையாக ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து வாங்குங்கள். 1960இல் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் செய்த காரியம், பட்டதாரிப் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு முடியாதா?

படித்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நில அலுவலகக் காகிதம் எல்லாம் மலாயில் இருக்கிறது. நம் பெரியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். வட்டாரக் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு உட்காருங்கள். ஒரு பட்டாவை எப்படிப் படிப்பது, தேடல் எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுங்கள். பெரிய போராட்டம் ஒன்றும் தேவையில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் விடக் கூடாது. தோட்ட நிலம் வீடமைப்புக்கு மாற்றப்படும்போதே அங்கே வாழ்ந்த தொழிலாளிக்குப் பட்டாவுடன் வீடு என்பதை நிபந்தனையாக எழுத வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்து அறிவிப்பு வருவதை நாம் சாதனை என்று கைதட்டிக்கொண்டிருக்க முடியாது.

நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். போன மாதம் பத்தாங் காலி பக்கம் ஒன்றரை ஏக்கர் பார்த்தோம். ஜி.எம். பட்டா, ஒரே பெயர், கேவியட் இல்லை. வீடு என்று சொல்ல முடியாது. நான்கு தூணும் பாதிக் கூரையும்தான். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. இந்த முறை நான் அம்மாவிடம் வீட்டுப் படத்தைக் காட்டவில்லை. தேடல் காகிதத்தைத்தான் காட்டினேன். அம்மாவுக்கு மலாய் எழுத்துப் படிக்க வராது. ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எந்த எடத்துல நம்ம பேரு வரும், காட்டு" என்றார்.

சிந்திப்போம் உறவுகளே. நிலம் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் அந்த இடத்தை முதலில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.